உதவி: குயினோலோன் [2+2] ஒளிவினை நகரவே மாட்டேங்குது

ஒளிமாணவி: 4-பியூட்டெனைலாக்ஸி-2-குயினோலோன். இதோட ரெண்டு இரட்டைப் பிணைப்பும் ஒளியில சேர்ந்து நாலணு வளையம் ஆகணும், அதான் [2+2]. தயோசான்தோன் (ஒளியை வாங்கி ஆற்றலைப் பொருளுக்குக் கொடுக்கிற உணர்த்தி) 10 மோல் சதவீதம், நீல எல்இடி, ராத்திரி முழுக்க ஓடுச்சு. காலையில டிஎல்சி (பொருள்களைப் புள்ளிகளாப் பிரிச்சுக் காட்டுற தகடு) பார்த்தா போட்ட பொருள் அப்படியே இருக்கு. வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம், அவசரம்.

ஆர்கான்: ஆக்சிஜன்தான். டிரிப்லெட்டை, அதாவது ஒளியால கிளர்ந்த நிலையை, அது உடனே அணைச்சிடும். ஆர்கான் விட்டீங்களா? உறைய வச்சு, பம்ப் போட்டு, உருக்கி, மூணு சுற்று பண்ணுங்க.

கரைப்பான்67: என்ன கரைப்பான்? செறிவு எவ்வளவு? நைட்ரஜன்ல ஹைட்ரஜன் இருக்கா, மெத்தில் போட்டாச்சா?

ஒளிமாணவி: டிசிஎம் (டைகுளோரோமீத்தேன்). ஆர்கான் விட்டேன். மெத்தில் இல்ல.

நிறமாலை: “நீலம்”னா எத்தனை நானோமீட்டர்? அதைச் சொல்லாம ஒளிவேதியியல் கேள்வி கேட்கக் கூடாதும்மா. முதல்ல யுவி நிறமாலை எடுத்துப் பழகுங்க. தயோசான்தோனோட உச்சம் 380 பக்கம், 420 தாண்டினா பெரிசா ஒண்ணும் உறிஞ்சாது. குயினோலோன் தனியா 350க்கு மேல எதையும் பார்க்காது. மியூனிக்ல பாக்ங்கிற வேதியியலாளரோட குழு 2014ல தயோசான்தோனை வச்சுக் கண்ணுக்குத் தெரியும் ஒளியில இதே வகை வினையைச் செஞ்சாங்க. சும்மா நீல விளக்கு வச்சு இல்ல, அலைநீளம் பார்த்துத்தான்.

வெயில்: எல்இடி எதுக்கு? மாடியில வைங்க. இத்தாலிய வேதியியலாளர் சியாமிசியன் பொலோன்யாவுல கார்வோன்ங்கிற பொருளை ஒரு வருஷம் வெயில்ல வச்சு 1908ல [2+2] காட்டினார்.

நிறமாலை: ஒரு வருஷம்! இவங்களுக்கு வெள்ளிக்கிழமை கூட்டம். மேகம் வந்தா ஒளியோட அளவை எப்படிக் குறிச்சு வைப்பீங்க?

வெயில்: அது உணர்த்தி இல்லாத வினை, அதான் அவ்வளவு நாள். தயோசான்தோன் இருந்தா 380லயிருந்து 400 வரைக்கும் வெயில்ல தாராளமா கிடைக்குது. நடக்குமான்னு பார்க்க அது போதும்.

ஆர்கான்: வெயில்ல குடுவை சூடாகும், டிசிஎம் கொதிச்சுடும். மூடி வச்சுடாதீங்க!

கரைப்பான்67: சண்டையை விடுங்க. ஒளிமாணவி, பின்னால ஒரே கைராலிட்டி (இடக்கை, வலக்கை வடிவங்கள்ல ஒண்ணு மட்டும்) வேணும்னா நைட்ரஜன்ல இருக்கிற அந்த ஹைட்ரஜனை விட்டுடாதீங்க. பாக்கோட லாக்டம் வார்ப்பு (பொருளைப் பிடிச்சு வச்சுக்கிற மூலக்கூறு) அதையும் கார்போனைலையும் பிடிச்சுத்தான் ஒரு முகத்தை மறைக்குது. அப்போ டிரைபுளூரோடொலுவீன் மாதிரி கரைப்பான்ல குளிர வச்சு ஓட்டுங்க. மெத்தனால் வேண்டவே வேண்டாம். இப்போ விளக்குல என்ன எழுதியிருக்கு, பார்த்தீங்களா?

ஒளிமாணவி: 450.

நிறமாலை: அவ்வளவுதான்.

ஒளிமாணவி: பக்கத்து ஆய்வகத்துல 405 வாங்கிப் போட்டேன். கீழே புதுப் புள்ளி, பழையது மங்குது. என்எம்ஆர்-ல (மூலக்கூறோட ஹைட்ரஜன்களைக் காட்டுற நிறமாலை) இரட்டைப் பிணைப்பு ஹைட்ரஜன்கள் குறைஞ்சிருக்கு. நன்றி.

கரைப்பான்67: ரெண்டு இரட்டைப் பிணைப்பும் எந்தப் பக்கமாச் சேர்ந்துச்சு, நேர்வளையமா குறுக்குவளையமா? என்எம்ஆர் படத்தை இங்க போடுங்களேன்.

வெயில்: மாடியிலயும் ஒரு குடுவை வச்சுப் பாருங்க.