நினிவே கதையும் எங்கள் பாட்டி கதையும்: பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

மகால்_பக்கம்:
வணக்கம். தம்பி ஸ்வீடனில் சோடெர்தெல்யே என்ற ஊரில் வேலை பார்க்கிறான். அங்கே மேற்காசியாவிலிருந்து வந்த அசீரியர்கள் (பழைய அசீரியாவைத் தங்கள் பூர்வீகமாகச் சொல்லும் கிறிஸ்தவர்கள்) நிறைய, பக்கத்து வீடும் அவர்கள்தான். அந்த வீட்டுத் தாத்தா 1915ல் துருக்கியின் ஓட்டோமான் ஆட்சியில் நடந்த படுகொலையில் தன் குடும்பம் ஊரைவிட்டு ஓடிய கதையையும், பழைய அசீரியத் தலைநகரான நினிவேயின் ராஜாக்கள் கதையையும் ஒரே மூச்சில் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வாராம்.

நாங்கள் மதுரையில் நெசவுக்குப் பேர்போன சௌராஷ்டிரா சமூகம். எங்கள் பாட்டியும் அப்படித்தான். சுங்குடிக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே சோமநாதபுரம், தேவகிரி, விஜயநகரம், கடைசியில் மதுரை என்று கொண்டுவந்து சேர்த்துவிடுவார். நகத்தால் துணியைக் கிள்ளி நூலைச் சுற்றும் கை நிற்கவே நிற்காது, கதை முக்கியமான இடத்துக்கு வந்தால் மட்டும் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நம்மை ஒரு பார்வை பார்ப்பார். இப்போது எட்டாவது படிக்கும் என் மகன் "இதுக்கெல்லாம் ஆதாரம் என்ன?" என்கிறான். வரலாறு எது, வீட்டுக்கதை எது என்று பிரித்துச் சொல்வதா, பாட்டி சொன்னபடியே விட்டுவிடுவதா?

பழங்காநத்தம்_வாத்தியார்:
அந்த அசீரியத் தாத்தா சொல்வதிலேயே இரண்டு சரக்கு இருக்கிறது, கவனியுங்கள். 1915, அப்புறம் 1933ல் இராக்கில் நடந்த சிமெலே படுகொலை, இதெல்லாம் கண்டவர் வாயிலிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து பேரனுக்கு என்று வந்தது. நினிவே விழுந்தது கி.மு. 612ல். அங்கே ஆண்ட அசீரிய ராஜா அசுர்பானிபாலின் நூலகம் மண்ணுக்குள் போய், 19ஆம் நூற்றாண்டில்தான் வெளியே வந்தது. மெசபடோமியாவின் பழங்காவியமான கில்காமெஷ் கதை எழுதிய களிமண் பலகைகளை 1853ல் அங்கே தோண்டி எடுத்த ஹோர்முஸ்த் ரஸ்ஸாம் மோசூலில் பிறந்த அசீரியர். அதற்கு முன் எந்தப் பாட்டிக்கும் கில்காமெஷ் தெரியாது. சர்கோன் போன்ற பழைய ராஜாக்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைப்பது பெருகியதும் அகழாய்வுக்குப் பிறகுதான். இதனால் அவர்கள் உரிமை குறைந்துவிடாது. கீழடிப் பள்ளிச்சந்தைத் திடலில் தென்னந்தோப்புக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று தோப்புக்காரருக்கே தெரியாதே, இன்றைக்கு அது நம் பேச்சாகிவிடவில்லையா?

அறுபடாமல் வந்ததும் உண்டு. அரமேய மொழியை இன்றும் வீட்டில் பேசுகிறார்கள். பைபிளில் யோனா தீர்க்கதரிசி எச்சரித்து நினிவே மக்கள் உபவாசம் இருந்த கதைக்காக வருடா வருடம் மூன்று நாள் நோன்பு இருக்கிறார்கள். அந்தச் சுரியானிக் கிறிஸ்தவ மரபு கேரளத்திலும் உண்டு, குறவிலங்காட்டில் மூன்று நோன்புக்குக் கப்பலையே தூக்கி ஊர்வலம் போவார்கள். வயிற்றைக் காயப்போட்டுக் கேட்ட கதையை எந்தப் பிள்ளை மறக்கும்?

பந்தடி_தெரு:
அண்ணே, நம்ம பக்கத்துக்கும் நோன்பு மாதிரி ஒன்று இருந்தது. கல்யாணத்தில் இரு வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்து, நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள், எந்த வழியாக வந்தீர்கள் என்று கேள்வி பதிலாகவே முழு வரலாற்றையும் சொல்வார்கள். வெள்ளைக்காரன் காலத்திலேயே அதை எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போது மண்டபத்துக்கு மணிக்கணக்கில் வாடகை, போட்டோகிராபர் அவசரம், அதற்கெல்லாம் யாருக்கு நேரம்.

பையனுக்கு ஆதாரம் வேண்டுமென்றால் 1705ல் ராணி மங்கம்மாள் நம்மவர்களுக்கு ஓலையில் கொடுத்த சாசனத்தைச் சொல்லுங்கள், அது கெட்டியான விஷயம். மந்தசோர் கல்வெட்டை (கி.பி. 473) ஆதாரமாகக் காட்டுகிறவர்கள் நிறைய பேர். அதில் இருப்பது, குஜராத் பக்கத்து லாட தேசத்திலிருந்து பட்டு நெசவாளர்கள் தசபுரத்துக்கு (இன்றைய மந்தசோர்) போய்ச் சூரியனுக்குக் கோயில் கட்டினார்கள் என்பது. அவர்களேதான் நாம் என்று சாதிக்க நான் வரமாட்டேன்.

வில்லாபுரம்72:
எல்லாரும் கல்வெட்டுக்குப் போய்விட்டீர்கள், பாட்டியை விட்டுவிட்டீர்கள். முதலில் போனை எடுத்துப் பதிவு பண்ணுங்கள். "வரலாறு சொல்லுங்க" என்றால் அவர் சினிமா வசனம் மாதிரி ஆரம்பித்துவிடுவார். உங்களுக்கு முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுத்தது யார், கட்டிக்கொண்டு வந்தபோது எந்தத் தெருவில் குடியிருந்தீர்கள், கைத்தறி எப்போது நின்றது என்று கேளுங்கள். சௌராஷ்டிர மொழியிலேயே பேசவிடுங்கள், தமிழில் எழுதுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நடுவில் வருஷத்தைத் திருத்தாதீர்கள், திருத்தினால் அடுத்த தடவை வாயே திறக்கமாட்டார்.

மகால்_பக்கம்:
சரி, பதிவை மகனையே பண்ணச் சொல்கிறேன், ஆதாரம் கேட்டவன் அவன்தானே. ஒரே ஒரு சந்தேகம். பாட்டி தேவகிரி என்று சொல்லும் இடத்தில் அவருடைய தங்கை, எங்கள் சின்னப்பாட்டி, வேறு ஊர் பெயர் சொல்கிறார். எதை வைத்துக்கொள்வது?

வில்லாபுரம்72:
இரண்டையும். யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்று பைல் பெயரிலேயே போட்டு வையுங்கள். முடிந்தால் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பதிவு பண்ணுங்கள், சண்டை வரும், அதில்தான் நிறைய விஷயம் விழும்.