வெள்ளம் வடிந்த பிறகு நாய்கள்: உங்கள் ஊரில் பார்த்ததை எழுதுங்கள்

உச்சிமேடு பக்கம் (கடலூர்)

ஃபெஞ்சல் புயல் ஓய்ந்து, சாத்தனூர் அணையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்ட அந்த 2024 டிசம்பர் 2 பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு எல்லாம் தென்பெண்ணை ஆற்றுக்குள்தான் இருந்தன. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முகாமிலிருந்து வீட்டைப் பார்க்க வந்தோம். கதவு சேற்றில் இறுகிப்போய்க் கிடந்தது, மாமா தோளால் முட்டித் திறந்தார். உள்ளே அடுப்பு மேடையில் ஒரு நாய் படுத்திருந்தது. பின்பக்கம் ஓடு சரிந்த வழியாக வந்திருக்கும். எங்கள் தெரு நாய் இல்லை. செவலை, ஒரு காது மட்டும் கறுப்பு. கழுத்தில் பச்சை நைலான் கயிறு, ஒரு முழம் தொங்கியது. அந்தக் கயிற்றின் முனையைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாய் கடித்து அறுத்தால் பிசிறு பிசிறாக இருக்கும். இது அரிவாளால் ஒரே வெட்டு. அவிழ்க்க நேரம் இல்லாமல் யாரோ வெட்டி விரட்டியிருக்கிறார்கள்.

குரைக்கவே இல்லை. நிவாரணப் பொட்டலத்துச் சோற்றை வைத்தோம், மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அப்புறம் ரோட்டில் ஒரு எக்ஸ்எல் வண்டிச் சத்தம் கேட்டது. சட்டென்று எழுந்து வாசலுக்கு ஓடியது. வண்டி போய்விட்டது. திரும்பி வந்து அதே இடத்தில் படுத்தது. அடுத்த எக்ஸ்எல் வந்தபோதும் அதே ஓட்டம். புல்லட் போனது, ஆட்டோ போனது, நிவாரண லாரி போனது, எதற்கும் காது கூட அசையவில்லை.

ஒரு சாயங்காலம் அப்படி ஓடினது திரும்பி வரவில்லை. திருக்கோவிலூர்ப் பக்கமா, பண்ருட்டிப் பக்கமா, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எக்ஸ்எல் வைத்திருக்கிற, கயிற்றை வெட்டி நாயை அனுப்பின ஒருத்தர் எங்கேயோ இருக்கிறார். அவரும் தேடிக்கொண்டிருப்பார் என்ற நினைப்புதான் என்னை விடமாட்டேன் என்கிறது.


பாகூர் ஏரிக்கரை (புதுச்சேரி)

அக்கா, உங்களுக்கு வந்தது சாது. எங்களுக்கு நடந்ததையும் எழுதுகிறேன், கோபப்படாதீர்கள்.

அதே வெள்ளம்தான். கோழிப்பண்ணையில் செத்த கோழிகளைப் புதைக்கக் குழி தோண்டினால் தோண்டத் தோண்டத் தண்ணி ஊறுகிறது. கடைசியில் வாய்க்கால் ஓரம் கொட்டிவிட்டார்கள். நாலு தெரு நாயும் அங்கே சேர்ந்துவிட்டன. சாதாரண நாளில் மேலத்தெரு நாய் கீழத்தெருவில் கால் வைத்தால் கலவரம் நடக்கும். தெருவெல்லாம் முங்கி எழுந்ததில் எந்த எல்லை எவனுடையது என்பதே போய்விட்டது.

கோழி தீர்ந்ததும் ஆட்டுப்பட்டிக்கு வந்தன. ராத்திரி சத்தம் கேட்டு டார்ச்சோடு ஓடினேன். தனியாக இருக்கிற ஒரு ஆயாவின் ஆடுகள் அவை. வெள்ளத்தில் முதுகில் தூக்கிக்கொண்டு வந்து காப்பாற்றின ஆடுகள். ஒன்று கீழே கிடந்தது, இன்னும் கால் உதைத்துக்கொண்டிருந்தது. அதன் தொடைப்பக்கம் வாய் வைத்திருந்தவன் எங்கள் வீட்டு மணி. வெளிச்சம் முகத்தில் பட்டதும் என்னை அடையாளம் கண்டு வாலைத் தாழ்த்தினான். "மணி, வாடா" என்றேன். வரவில்லை. ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு, கூட்டத்தோடு கரும்புக்குள் போய்விட்டான். கடைவாயில் ஆட்டு மயிர் ஒட்டியிருந்தது.

விடிந்ததும் எப்போதும் போலத் திண்ணையடியில் படுத்திருந்தான். என் மகள் அவன் காதைப் பிடித்து விளையாடுகிறாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், இன்றைக்கும். நாய் என்றால் நன்றி, நன்றி என்று எழுதுகிறவர்கள் அந்த ஆயா எதிரில் வந்து ஒரு தடவை சொல்லட்டும்.


விசூர் ஓடை

பாகூர் தம்பி, பசித்த வயிற்றுக்கு மனுசன் என்ன, நாய் என்ன? அதைக் குற்றம் மாதிரி எழுதாதீர்கள்.

எங்களுடையது 2015 நவம்பர் 9. நெய்வேலியில் அன்றைக்கு ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் ஊருக்கும் பெரியகாட்டுப்பாளையத்துக்கும் ஓடை வழியாக வந்த தண்ணி என்ன செய்தது என்று மாவட்டத்துக்கே தெரியும். போன உயிர்களைப் பற்றி இங்கே எழுத எனக்குத் தெம்பு இல்லை.

நாய் முன்னாடியே ஊளையிட்டுச் சொல்லிவிடும் என்று மழைக்காலம் வந்தாலே செல்போனில் செய்தி வருகிறது. நம்பாதீர்கள். எங்கள் ஊரில் ஒரு நாயும் ஊளையிடவில்லை. அவை பேசாமல் முந்திரித்தோப்பு மேட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டன. நாங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் அங்கே ஏறினபோதுதான் பார்த்தோம்.

அந்த மேட்டில் ஒரு நாயும் குரைக்கவில்லை, ஒன்றை ஒன்று கடிக்கவில்லை. எல்லாம் ஒரே பக்கம் முகத்தை வைத்து ஒரு முந்திரி மரத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தன. எதற்கு இப்படிப் பார்க்கின்றன என்று மச்சான் செல்போன் வெளிச்சத்தை அடித்தார். கண்ணாடி விரியன், சருகோடு சருகாகச் சுருண்டிருந்தது. என் தங்கை தன் கைக்குழந்தையைப் படுக்க வைக்கத் துணி விரித்துக்கொண்டிருந்த இடத்துக்கு ரெண்டு எட்டு.

பாம்பை யாரும் அடிக்கவில்லை. நாங்கள் நகர்ந்து உட்கார்ந்தோம், நாய்கள் நகரவில்லை. விடியும்வரை அந்த மரத்தடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தானே புயலில் விழுந்தது போக மிச்சம் நின்ற நாலு மரம் உள்ள மேடு அது. இப்போதும் அந்தப் பக்கம் போனால் முதலில் அந்த மரத்தடியைத்தான் பார்ப்பேன்.


ஓய்வுபெற்ற கால்நடை உதவியாளர்

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். என் பணிக்காலத்தில் வெள்ளத்துக்குப் பிறகு ஒரு அம்மா நாயைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தார். சேற்றில் சிக்கினதை இழுத்திருக்கிறார், வலியில் அது கையைக் கடித்துவிட்டது. நாயின் காலைக் கட்டச் சொன்னார். அவர் கையில் இருந்த கடிவாயில் சுண்ணாம்பு அப்பியிருந்தது. "எனக்கு ஒன்றும் இல்லை சார், இதைப் பாருங்கள்" என்றார். அந்தச் சுண்ணாம்புக் கைதான் எனக்கு மறக்கவில்லை. அதனால் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

நாய் கடித்தால், நம் வீட்டு நாயாகவே இருந்தாலும், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். கழுவிவிட்டு நேராக ஆரம்ப சுகாதார நிலையம். தோலுக்குள் போடுகிற ஊசி என்றால் அன்றைக்கே தொடங்கி, அப்புறம் 3, 7, 28 ஆம் நாள். கட்டணம் கிடையாது. கடி ஆழமாக இருந்தாலோ ரத்தம் வந்திருந்தாலோ, காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தும் வேண்டும், வாய்விட்டுக் கேளுங்கள். நாய் நன்றாகத்தானே இருக்கிறது, பத்து நாள் பார்ப்போம் என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். ஊசியைத் தொடங்கிவிட்டு நாயைக் கவனியுங்கள். ரேபிஸ் முற்றிவிட்டால் காப்பாற்ற வழி இல்லை.

அடுத்தது எலிக்காய்ச்சல். பெயர்தான் எலி, ஆனால் நாய், மாடு, பன்றி எல்லாவற்றின் சிறுநீரிலும் அந்தக் கிருமி வரும். நாய் பார்க்க நன்றாகவே இருக்கும். தேங்கின தண்ணீரில் வெறுங்காலோடு, அதுவும் பித்தவெடிப்போடு நடந்தால் ஏறிவிடும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால் வெள்ளத்தில் நடந்தேன் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது. நாய்க்குப் போடுகிற கூட்டுத் தடுப்பூசியில் இதற்கும் சேர்த்து வருகிறது, கேட்டுப் போடுங்கள்.

புண்ணில் புழு வைப்பது. ஈரத்தில் சின்னக் கீறல் போதும், ஈ முட்டையிட்டு மறுநாளே புழு நெளியும். டர்பன்டைன் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டால் புழு வெளியே வரும், இடுக்கியால் எடுக்கலாம். ஆனால் கண், காதுப் பக்கம் விடக்கூடாது, நாய் நக்கிவிடாமல் பார்க்க வேண்டும். குழி ஆழமாக இருந்தால் கைவைத்தியம் வேண்டாம், மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். குட்டிகள் ரத்தமாகக் கழிந்தால் அநேகமாக பார்வோ என்ற வைரஸ் நோய். அது படுத்த இடத்தை வெறும் தண்ணீரால் கழுவிப் பயன் இல்லை, பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்ற வேண்டும்.

பாகூர்க்காரருக்கு ஒன்று. அந்தக் கோழிகளைக் கொட்டினதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். குழியில் தண்ணீர் ஊறினால் மேட்டு நிலத்தில் தோண்டி, சுண்ணாம்புத்தூள் போட்டு மூடியிருக்க வேண்டும்.


பாகூர் ஏரிக்கரை (புதுச்சேரி)

சார், மேட்டு நிலமே இல்லாத நாள் அது. ஊரே சேறு. ஆனால் சுண்ணாம்புத்தூள் விஷயம் நல்ல யோசனை, பஞ்சாயத்தில் சொல்லி வைக்கிறேன்.

விசூர் அண்ணா, பசி என்று சொன்னீர்கள். மணிக்குப் பசி இல்லை. நாங்கள் மாடியில் இருந்த நாளெல்லாம் எங்கள் தட்டிலிருந்துதான் சாப்பிட்டான், சாயங்காலம் வயிறு முட்டச் சோறு தின்றுவிட்டுத்தான் போனான். அதுதான் எனக்கு விளங்கவே இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கத்து ஊரில் கறியில் மருந்து வைத்து நாய்களைக் கொன்றார்கள். காக்கையும் செத்தது. அவர்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். நான் மணியைக் கட்டித்தான் வைத்தேன், அடிக்கக்கூட இல்லை.


கொள்ளிடத்து மருமகள் (சிதம்பரம் வட்டம்)

சார் எழுதினதைக் குறித்து வைத்துக்கொண்டேன். ஆனால் நான் எழுத வந்தது வேறு.

திட்டுக்காட்டூர், கீழகுண்டலப்பாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் பக்கத்து வெள்ளம் உங்களுடையது மாதிரி இல்லை. இங்கே ஒரு தூறல் கூட இருக்காது, வெயில் கொளுத்தும். மேட்டூர் நிரம்பி, முக்கொம்பு, கீழணை தாண்டி உபரி எல்லாம் கொள்ளிடத்தில் வந்து வீட்டுக்குள் ஏறும். 2022 ஆகஸ்ட்டிலும் அப்படித்தான்.

படகில் ஆட்களுக்கே இடம் இல்லை. நாயை ஏற்ற முடியாது என்று சொன்னதில் நியாயம் இருந்தது, நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஆயாவின் நாய் கருப்பி தண்ணீரில் குதித்துப் படகுக்குப் பின்னாலேயே நீந்தி வந்தது. ஆயா பலகையில் குப்புறப் படுத்துக் கையைத் தண்ணீரில் விட்டு "வாடி, வாடி தாயி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கருப்பியின் மூக்கு அந்தக் கைக்கு எட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டது.

அப்போது திட்டில் விட்டுவந்த மாடு கத்தியது. கருப்பி அப்படியே நின்றுவிட்டது, நடுத்தண்ணீரில், கால் மட்டும் அடித்துக்கொண்டு. ஆயாவைப் பார்த்தது. பின்னால் திரும்பிப் பார்த்தது. மறுபடி ஆயாவைப் பார்த்தது. அந்த மாடு கன்றாக இருந்தபோது இது குட்டி, ரெண்டும் ஒரே கொட்டகையில் வளர்ந்தவை. திரும்பி நீந்திப் போய்விட்டது. ஆயா கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவே இல்லை, கரை வரும்வரை.

ரெண்டும் பிழைத்துக்கொண்டன, திட்டில் ஒன்றாகத்தான் இருந்தன. ஆயாவுக்கு அதில் சந்தோஷம்தான். ஆனாலும் "நான் கூப்பிட்டேன், வரலையே" என்று இப்போதும் சொல்வார். அது போனதுதான் சரி என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அது ஏறவில்லை. பாகூர் அண்ணா, மணி கூப்பிட்டும் வரவில்லை என்று படித்ததும் எனக்கு ஆயா நினைவுதான் வந்தது. நீங்களும் எங்கள் ஆயாவும் சொல்வது ஒன்றேதான் என்று எனக்குப் படுகிறது.


பரவனாறு வடகரை (குறிஞ்சிப்பாடி)

ஒன்று இல்லை, தங்கச்சி. கருப்பி காப்பாற்றப் போனது, மணி கொல்லப் போனான். ரெண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது.

என்னுடையது சின்ன அனுபவம். பெருமாள் ஏரி நிரம்பி பரவனாறு உடைத்துக்கொண்ட ஒரு வருஷம். மோட்டார் கொட்டகையில் காவலுக்கு ஒருத்தர் தன் நாயைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார். ராத்திரி தண்ணி வந்துவிட்டது, அவரால் அந்தப் பக்கம் போகவே முடியவில்லை. காலையில் நாங்கள் டியூபில் மிதந்து போனோம். நாய் தண்ணித்தொட்டிச் சுவரின் விளிம்பில் நின்றது. நாலு காலையும் ஒரு சாண் அகலத்தில் சேர்த்து வைத்திருந்தது. சங்கிலி கீழே தண்ணீருக்குள் விறைத்து இழுத்துக்கொண்டிருந்தது, தலையை நிமிர்த்த முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருந்தது. ராத்திரி முழுக்க அப்படி நின்றிருக்கிறது. நான் முங்கி முங்கிக் கொக்கியைத் தேடினேன், துருவேறி அசையவில்லை. கடைசியில் கழுத்துப் பட்டையை அறுத்தோம். அதன் பிறகும் தலையை நேராக வைக்கவில்லை, டியூபில் வரும்போதும் சாய்த்துக்கொண்டேதான் வந்தது.

கழுத்துப் புண்ணில் சார் சொன்ன மாதிரி புழு வைத்துவிட்டது, மருந்தகத்தில்தான் சரி செய்தார்கள். எங்கள் வீட்டில் இப்போது ஐப்பசி, கார்த்திகையில் சங்கிலி கிடையாது. கயிறுதான், இழுத்தால் அவிழ்கிற முடிச்சுதான். ஆடு வளர்க்கிறவர்களுக்கு அது ஆபத்து என்று பாகூர்த் தம்பி நினைக்கலாம், அது எனக்குப் புரிகிறது. அதனால் ராத்திரி ஆட்டை நாங்கள்தான் பட்டியில் அடைத்துக் கதவைக் கட்டுகிறோம்.

ஒரு உதவி வேண்டும். முகாமுக்கு நாயை விடமாட்டார்கள் என்பதால்தான் நிறைய பேர் வீட்டை விட்டுக் கிளம்பவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள், எங்கள் தெருவிலேயே அப்படி இருவர் இருந்தார்கள். பள்ளிக்கூட வராந்தாவிலோ சைக்கிள் ஷெட்டிலோ நாய், ஆட்டுக்கு இடம் கொடுத்த ஊர் ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால், எப்படிச் சமாளித்தார்கள் என்று எழுதுங்கள். மழைக்கு முன்னால் எங்கள் கிராமசபையில் கேட்கப் போகிறேன்.