ரோஸ்மேரியில் வெண்படலம்: ஆலோசனை தேவை

வீட்டுக்குள் தொட்டிகளில் புதினா, திருநீற்றுப்பச்சை, ரோஸ்மேரி ஆகியவற்றை வளர்த்து வருகிறேன். புதினாவைப் பற்றிக் கவலையில்லை. அது எங்கு வைத்தாலும் பிழைத்துக்கொள்ளும். ரோஸ்மேரிதான் பிடிகொடுக்க மறுக்கிறது: மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றியும், நாளுக்கு 6 மணி நேரம் வெயில் படும் ஜன்னலோரத்தில் வைத்தும், அடி இலைகளில் மாவு தூவியதுபோல் வெண்படலம் படர்கிறது; விரலால் துடைத்தால் அகன்று, சில நாட்களில் மீண்டும் வந்துவிடுகிறது. இது சாம்பல் நோய் என்றும், காற்றோட்டக் குறைவே காரணம் என்றும் கருதுகிறேன். சமையலுக்குக் கிள்ளும் செடி என்பதால் ரசாயன மருந்து தெளிக்க மனமில்லை. மின்விசிறியை மெல்ல ஓடவிட்டாலே போதுமா, அல்லது நோயுற்ற கிளைகளை வெட்டிவிட்டு, பெர்லைட் (நீர் தேங்காமல் மண்ணை இளக்கும் வெண்ணிறத் துகள்) கலந்த மண்ணுக்கு மாற்ற வேண்டுமா? வெளிச்சம் குறைந்த மாதங்களில் எல்.இ.டி. விளக்கை எவ்வளவு நேரம் எரியவிடுகிறீர்கள் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.