வாழ்க்கைத்துணையின் வதிவிட உரிமைக்கு நிபந்தனைக் காலம் தேவையா?

நெடுவழி:
வெளிநாட்டில் வாழும் ஒருவரை மணந்து அங்கே குடிபெயர்கிறவருக்குப் பெரும்பாலான நாடுகள் முதல் நாளிலேயே முழு உரிமையைக் கொடுத்துவிடுவதில்லை. அமெரிக்காவில், வதிவிட உரிமை கிடைக்கும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறையவில்லை என்றால், இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும் நிபந்தனை கிரீன் கார்டுதான் கைக்கு வரும். அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்திட்டு மனுச் செய்தால்தான் நிபந்தனை நீங்கும். பிரிட்டனில் ஓராண்டாக இருந்த காத்திருப்பு 2003-இல் இரண்டாண்டாகி, 2012 ஜூலை முதல் ஐந்தாண்டாகிவிட்டது. ஜெர்மனியில் மணவாழ்க்கை அந்நாட்டிலேயே மூன்றாண்டு நீடித்த பிறகுதான் துணைக்குத் தனித்த உரிமை பிறக்கிறது.

போலித் திருமணத்தைத் தடுப்பதற்காகவே இவையெல்லாம் என்கிறார்கள். போலியைப் பிடிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மனமொத்து மணந்துகொண்ட ஒருவர் அந்த நாட்டில் இருக்கலாமா கூடாதா என்பதை இன்னொருவருடைய கையெழுத்தோடு முடிச்சுப் போட்டு வைப்பது நியாயமே அல்ல. கனடா 2012 அக்டோபரில் இதே போன்ற இரண்டாண்டு நிபந்தனையைக் கொண்டுவந்தது. கொடுமைக்கு உள்ளாகும் துணைவர்கள் உரிமை போய்விடுமோ என்று அஞ்சி அதே வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள் என்பதை ஏற்று, 2017 ஏப்ரலில் அதைத் தானே நீக்கியது. மற்ற நாடுகளும் நீக்க வேண்டும் என்பதே என் கருத்து.

தமிழ்நேயன்:
நெடுவழி ஐயா, தங்கள் அக்கறையை மதிக்கிறேன். முடிவோடு உடன்பட முடியவில்லை. ஏமாற்றப்படுகிறவர் எப்போதும் குடிபெயர்ந்து வருகிறவராகத்தான் இருப்பார் என்று நாமாக எண்ணிக்கொள்ளக் கூடாது. அழைத்துக்கொள்கிறவர் தலையில் ஏறும் பொறுப்பையும் பாருங்கள். அமெரிக்காவில் ஐ-864 என்ற பணப்பொறுப்பு உறுதிப் படிவத்தில் கையெழுத்திட்டவர், வந்தவர் அந்நாட்டுக் குடியுரிமை பெறும்வரை அல்லது ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பு அவருடைய சமூகப் பாதுகாப்புக் கணக்கில் சேரும்வரை, அவரைத் தாங்கக் கடமைப்பட்டவர். மணமுறிவு ஏற்பட்டாலும் அந்தக் கடமை தீராது. கனடாவிலும் மூன்றாண்டுப் பொறுப்புறுதி, உறவு முறிந்தாலும் நீடிக்கிறது. வந்திறங்கிய சில மாதங்களிலேயே துணை விலகிப் போய்விட்டால், கையெழுத்திட்டவர் யாரிடம் போய் முறையிடுவது?

போலித் திருமணத்துக்கு அமெரிக்கச் சட்டத்தில் ஐந்தாண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் தாலி கட்டிய நாளில் ஒருவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை நீதிமன்றத்தில் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிப்பது எளிதான காரியமா? அதைக் காலம்தான் காட்டிக்கொடுக்கும். இன்னொன்றும் உண்டு: பின்னால் உள்ள சோதனையை எடுத்துவிட்டால், அதிகாரிகள் முன்வாசலில் கெடுபிடியைக் கூட்டுவார்கள். அப்போது உண்மையான தம்பதியர்தான் ஆண்டுக்கணக்கில் பிரிந்து கிடக்க வேண்டி வரும்.

வெண்பனி:
நெருங்கிய உறவுப் பெண் ஒருத்திக்கு அமெரிக்காவில் நேர்ந்ததைச் சொல்கிறேன். விண்ணப்பத்தை நிரப்பியது கணவர். கொடுத்த மின்னஞ்சல் முகவரி அவருடையது. கடவுச்சீட்டு, திருமணப் பதிவுச் சான்று, கிரீன் கார்டு மூன்றும் அவருடைய மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடந்தன. தன் கார்டு எந்த மாதத்தில் காலாவதியாகிறது என்பதுகூட அவளுக்குத் தெரியாது. வாய்ச்சண்டை முற்றும்போதெல்லாம், "நான் ஒரு கடிதம் போட்டால் போதும், உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்பார் அவர். அவள் வாயடைத்துப் போவாள்.

அந்த மிரட்டல் பொய். ஒரு முறை கொடுத்த கிரீன் கார்டைக் கணவரின் கடிதம் ரத்து செய்துவிடாது. குடும்ப வன்முறைக்கு ஆளானவரும், உண்மையாக மணந்து பின்னர் மணமுறிவு பெற்றவரும் கூட்டுக் கையெழுத்து இல்லாமலே தனியாக மனுச் செய்யலாம். ஆனால் பொய் என்று தெரியாத வரையில் அது சட்டத்தைப் போலத்தான் வேலை செய்கிறது. பிரிட்டனிலோ அது முழுப் பொய்யும் அல்ல: உறவு முறிந்துவிட்டது என்று தெரியவந்தால் உள்துறை அந்த விசாவின் காலத்தைக் குறைக்க முடியும். தமிழ்நேயன் அண்ணா, காலம் காட்டிக்கொடுக்கும் என்கிறீர்கள். அந்தக் காலம் முழுவதும் ஒருவர் மட்டும் வாய்மூடி இருந்தால் வெளிப்படுவது எதன் உண்மை?

தமிழ்நேயன்:
தங்கை சொன்ன நிகழ்ச்சி மனத்தைச் சுடுகிறது. ஆனாலும் அதிலேயே என் வாதத்துக்கும் இடம் இருக்கிறது. விதிவிலக்குகள் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கின்றன. பிரிட்டனிலும் வன்முறைக்கு ஆளான துணைவர் நிரந்தர உரிமை கேட்பதற்கான விதி 2002-லிருந்து உண்டு. ஆகவே குறை நிபந்தனையில் இல்லை, அது குறித்த அறிவு வந்தவரிடம் போய்ச் சேராததில்தான் இருக்கிறது. விசா கொடுக்கும்போதே அவருடைய மொழியில், அவருடைய கையில், உரிமைகளை எழுதிக் கொடுக்கட்டும். அதற்காகச் சோதனைக் காலத்தையே தூக்கி எறிய வேண்டியதில்லை.

கோப்பாளர்:
விண்ணப்பக் கோப்புகளைச் சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில் என்பதால் குறுக்கிடுகிறேன். பின்வாசலில் சோதனை இருந்தால் முன்வாசலில் கெடுபிடி குறையும் என்ற தமிழ்நேயன் ஐயாவின் கணக்கை நடைமுறை ஆதரிக்கவில்லை. பிரிட்டனில் ஐந்தாண்டுக் காத்திருப்பும் இருக்கிறது, முன்வாசலும் இறுகிக்கொண்டே போகிறது. 2012-இல் அழைத்துக்கொள்கிறவரின் ஆண்டு வருமானம் 18,600 பவுண்ட் இருக்க வேண்டும் என்றார்கள். 2024 ஏப்ரலில் அது 29,000 பவுண்ட் ஆனது. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் துணை தன் ஊரில் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் அது கணக்கில் வராது. நல்ல வேலையில் இருக்கும் ஒருவர், தன் துணையின் சம்பளச் சீட்டை மட்டுமே நம்பிக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

சான்றுகளைப் பற்றியும் ஒரு சொல். அதிகாரிகள் நம்புவது திருமண ஆல்பத்தை அல்ல. இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், ஒரே முகவரிக்கு மாதாமாதம் வந்த மின்கட்டண ரசீது, வீட்டுச் செலவு உண்மையாகவே ஓடும் கூட்டு வங்கிக் கணக்கு, இவையே பேசும். மனுவுக்குச் சற்று முன்பு அவசரமாகத் திறந்த கூட்டுக் கணக்கைப் பார்த்து யாரும் மயங்குவதில்லை. சிக்கல் என்னவென்றால், வெண்பனி அம்மா சொன்ன பெண்ணைப் போன்றவர்களிடம் இவற்றில் ஒன்றுமே இருக்காது. ஒப்பந்தம் கணவர் பெயரில், கணக்கு கணவர் பெயரில். மெய்யான திருமணம் காகிதத்தில் போலியாகத் தெரிவது இப்படித்தான்.

அமெரிக்காவின் எச்-4 போன்ற சார்பு விசாக்களை இந்த விவாதத்தில் கலக்காமல் இருப்பது நல்லது. அங்கே சோதனைக் காலம் என்று ஒன்றே இல்லை. வேலை விசாவில் இருப்பவரை மணந்தவரின் இருப்பு கடைசிவரை அந்த விசாவைச் சார்ந்ததுதான். வேலை செய்யும் அனுமதிகூட 2015-இல்தான், அதுவும் ஒரு பகுதியினருக்கு மட்டுமே கிடைத்தது.

நெடுவழி:
கோப்பாளர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பெண்கள் மீதான வன்முறையைத் தடுப்பதற்காக ஐரோப்பிய அவை 2011-இல் கொண்டுவந்த இஸ்தான்புல் உடன்படிக்கையின் 59-ஆம் பிரிவு, துணையைச் சார்ந்து உரிமை பெற்றவருக்கு மிகக் கடினமான சூழலில் உறவு முறிந்தால் தனித்த வதிவிட அனுமதி கொடுக்க வேண்டும் என்கிறது. பிரிட்டன் 2022-இல் உடன்படிக்கையை ஏற்றபோது இந்தப் பிரிவுக்கு விலக்கு வைத்துக்கொண்டது. அறிவு போய்ச் சேராததுதான் குறை என்றால், அந்த விலக்குக்கு என்ன தேவை இருந்தது என்று தமிழ்நேயன் சொல்ல வேண்டும்.

தமிழ்நேயன்:
அந்த விலக்கை நான் ஆதரிக்கவில்லை. பிரிட்டனின் ஐந்தாண்டும் மிகை என்பதைக் கோப்பாளர் காட்டிய வருமான வரம்போடு சேர்த்துப் பார்க்கும்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டாண்டுக் காலம் என்ற அளவில் என் நிலையிலிருந்து விலகமாட்டேன். அழைத்துக்கொள்கிறவர் ஆண்டுக்கணக்கில் பணப்பொறுப்பைச் சுமக்கும்போது, வந்தவரின் திருமணம் உண்மையானதா என்று ஒரு முறை திரும்பிப் பார்ப்பது அநீதி ஆகாது.

வெண்பனி:
திரும்பிப் பார்க்கட்டும், அண்ணா. அதை அவளிடம் கேட்டுப் பார்க்கட்டும் என்றுதான் சொல்கிறேன். கூட்டுக் கையெழுத்து விதியாகவும் தனி மனு விலக்காகவும் இருக்கும் வரையில், அவள் தன் கணவருடைய குற்றத்தையோ மணமுறிவையோ மெய்ப்பித்த பிறகே தன் உரிமையைக் கேட்க முடியும். தனி மனு விதியாகட்டும். கணவருக்குச் சொல்ல ஏதேனும் இருந்தால் அவர் தனியாகச் சொல்லட்டும். அமெரிக்காவில் மணமுறிவு என்ற காரணத்தைக் காட்டுவதற்கு நீதிமன்றத் தீர்ப்பு கையில் இருக்க வேண்டும். வழக்கு இழுத்துக்கொண்டு போகும்போதே கார்டின் காலம் முடிந்துவிட்டால், கூட்டாகக் கையெழுத்திட ஆளும் இல்லை, தனியாகக் காட்டத் தீர்ப்பும் இல்லை. இந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டவர், தீர்ப்பு வரும்வரை எதற்கும் அஞ்சாமல் வேலைக்குப் போய்வரலாம் என்று சட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.