பள்ளத்தூர் வீட்டுக் குழுவில் ஒரு ஃபூகெட் பிளாட்

குழு: பள்ளத்தூர் மு.ரா. வீடு
வெள்ளி, இரவு 8:52

விசாலாட்சி அயித்தை: முன்னோர் படைப்புக்கு யார் யார் வருகிறீர்கள், எத்தனை இலை என்று நாளைக்குள் போடுங்கள். சமையல்காரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.

முத்து: 3

கண்ணப்பன்: சொல்கிறேன் அயித்தை. அதற்கு முன்னால் எல்லாருக்கும் ஒரு விஷயம். ஃபூகெட்டில் ஒரு பிளாட் பார்த்திருக்கிறேன். ஒரு படுக்கையறை, 35 சதுர மீட்டர், கடற்கரைக்கு நடந்தே போகலாம். விலை 45 லட்சம் பாட். லீவுக்கு நாம் தங்கலாம், மற்ற நாளெல்லாம் வாடகைக்கு விடலாம். முதல் 3 வருஷம் 7 சதவீத வாடகைக்கு அவர்களே உத்தரவாதம் தருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மூன்று பேர் சேர்ந்தால் ஆளுக்கு ரூபாயில் 40 லட்சம்தான்.

கண்ணப்பன்: [படம்] [படம்] [காணொளி]

முத்து: 40 லட்சம்"தான்"

முத்து: நீச்சல் குளம் சூப்பர்

சொக்கலிங்கம்: 35 சதுர மீட்டர் என்றால் 377 சதுர அடி. நம் வீட்டு முகப்பில் பாதி வராது.

விசாலாட்சி அயித்தை: ஃபூகெட் எந்தப் பக்கம்? சிங்கப்பூர் பக்கமா?

தேனம்மை: தாய்லாந்து அயித்தை. சிங்கப்பூரில் எங்கள் வீட்டிலிருந்து 2 மணி நேர ஃப்ளைட்.

விசாலாட்சி அயித்தை: அதற்குப் பினாங்கிலேயே வாங்கலாமே. தண்ணீர்மலையான் இருக்கிறான். தைப்பூசத்துக்குப் போய்த் தங்கலாம்.

லெட்சுமணன் சித்தப்பா: கண்ணா, 31 வருஷம் அந்நியச் செலாவணிப் பிரிவில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், பொறுமையாகப் படி. இந்தியாவில் குடியிருப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அதில் வீடும் வாங்கலாம், தடையில்லை. ஆனால் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகிற தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே வரி, பிடிக்கும். நீ ஒருத்தனே 1 கோடியே 20 லட்சம் அனுப்பினால் அதற்கு மேல் 22 லட்சம் எடுத்து வைக்க வேண்டும். மூன்று பேராக அனுப்பினால் ஆளுக்கு 6 லட்சம். வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் இருந்தால் திரும்பியும் வரும். அதுவரை அந்தப் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான். இன்னொன்று, இப்படிச் சொத்து வாங்க அனுப்புகிற பணத்துக்கு இங்கே எந்த வங்கியும் கடன் கொடுக்கக் கூடாது. சொந்தக் காசாக இருக்க வேண்டும்.

முத்து: பாகம் 1 முடிந்தது

கண்ணப்பன்: வீட்டுக் கடனில் டாப்-அப் போடலாம் என்று நினைத்தேன் சித்தப்பா. 50,000 பாட் புக்கிங் கார்டில் கட்டியாச்சு.

கண்ணப்பன்: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

முத்து: படித்துவிட்டேன் அண்ணே

உமையாள்: நானும்.

உமையாள்: என்ன டாப்-அப்?

(8 நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை)

விசாலாட்சி அயித்தை: சொக்கு, நீங்கள் எத்தனை இலை?

சொக்கலிங்கம்: 4

லெட்சுமணன் சித்தப்பா: பாகம் 2. பெரிய தொகையைக் கார்டில் கட்டாதே. நீ டாலராகவே அனுப்ப வேண்டும், அங்கே உள்ள வங்கி அதை பாட்டாக மாற்ற வேண்டும், பிளாட் வாங்க வந்த பணம் என்று அந்த வங்கி ஒரு படிவம் கொடுக்கும். அது இல்லாமல் நிலப் பதிவு அலுவலகத்தில் உன் பேரில் எழுத மாட்டார்கள். இங்கேயே பாட்டாக மாற்றி அனுப்பினாலும் போச்சு. அப்புறம், தாய்லாந்தில் வெளிநாட்டான் மண்ணை வாங்க முடியாது. பிளாட் வாங்கலாம், அதிலும் ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம்தான் வெளிநாட்டவர்களுக்கு. உன் பிளாட் அந்த 49-இல் வருகிறதா?

கண்ணப்பன்: ஒரு நிமிஷம், பார்க்கிறேன்.

கண்ணப்பன்: [படம்]

லெட்சுமணன் சித்தப்பா: கண்ணாடி போட்டுக்கொண்டு வருகிறேன்.

தேனம்மை: அதில் "லீஸ்ஹோல்ட் 30+30+30" என்று இருக்கிறது கண்ணா. குத்தகை.

கண்ணப்பன்: ஆமாம் ஆச்சி, மொத்தம் 90 வருஷம். சொந்தம் மாதிரிதான் என்று ஏஜென்ட் சொன்னார்.

முத்து: 90 வருஷம் கழித்து நமக்கே படைப்பு போட்டுக்கொண்டிருப்பார்கள்

லெட்சுமணன் சித்தப்பா: 90 இல்லை, 30. அங்கே குத்தகை 30 வருஷத்துக்குத்தான் பதிவாகும். அடுத்த 30 என்பது கட்டினவன் வாயால் சொல்கிற உறுதி. அன்றைக்கு அவன் கம்பெனி இருக்குமா, யார் கையில் இருக்கும்? ஆக நீ வீடு வாங்கவில்லை, 45 லட்சம் பாட் மொத்தமாகக் கட்டிவிட்டு 30 வருஷம் குடியிருக்கப் போகிறாய். 7 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 3,15,000 பாட். அதை முதலிலேயே விலையில் ஏற்றி வைத்து உன் காசை உனக்கே கொடுப்பான் என்பது என் கணக்கு. 4-ஆம் வருஷம் என்ன வாடகை என்று கேட்டாயா?

கண்ணப்பன்: தினவாடகைக்கு விட்டால் அதைவிடக் கூடவே வரும் சித்தப்பா. எல்லாரும் ஆப்பில் போட்டுத்தானே விடுகிறார்கள்.

தேனம்மை: 30 நாளுக்குக் குறைவாக விட ஹோட்டல் உரிமம் வேண்டும் அங்கே. போன டிசம்பரில் நாங்கள் தங்கின கட்டடத்தில், தினவாடகை கூடாது, அபராதம் உண்டு என்று லிஃப்டுக்குள்ளேயே ஒட்டியிருந்தார்கள். காவலாளி கேட்டால் உறவுக்காரர் என்று சொல்லிவிடுங்கள் என்று வீட்டுக்காரம்மா மெசேஜ் அனுப்பினாள். அவள் தாய்லாந்துக்காரி. நான் நகரத்தாரில் எந்தக் கோயில் பிரிவு என்று காவலாளி கேட்காமல் விட்டான்.

முத்து: 😂😂 இளையாத்தங்குடி என்று சொல்லியிருக்கலாம்

தேனம்மை: மே முதல் அக்டோபர் வரை மழை வேறு. அப்போது யார் வருவார்கள்?

கண்ணப்பன்: ஆச்சி, நீங்கள் வாங்கினால் இந்த டிசிஎஸ் தொல்லையே இல்லை. சிங்கப்பூர்ச் சம்பளம்தானே. உங்கள் பேரில் போட்டு, நாங்கள் பிறகு

தேனம்மை: என் பேரிலா? கேளம்பாக்கம் மனை மாதிரியா?

சொக்கலிங்கம்: அதை இங்கே இழுக்க வேண்டாம்.

தேனம்மை: நான் இழுக்கவில்லை. 2011-லிருந்து அதுவாக இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

லெட்சுமணன் சித்தப்பா: பாகம் 3

சொக்கலிங்கம்: சித்தப்பா, ஒரு நிமிஷம். கண்ணா, நம் வீட்டு ஓடு மாற்ற ஆளுக்கு 40,000 என்று முடிவு செய்து 3 வருஷம் ஆகிறது. 23 குடும்பப் புள்ளியில் 19 பேர் கொடுத்தாச்சு. உன் 40,000 எங்கே?

கண்ணப்பன்: தருகிறேன் அண்ணே. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

விசாலாட்சி அயித்தை: [படம்]

விசாலாட்சி அயித்தை: இது போன வார மழைக்கு. பட்டாலையில் கிழக்கு ஓரத் தேக்குத் தூணுக்கு அடியில் வாளி வைத்திருக்கிறேன். ராத்திரி இரண்டு தடவை எழுந்து கொட்டினேன்.

முத்து: பர்மாத் தேக்கு, தண்ணீர் ஒன்றும் செய்யாது

விசாலாட்சி அயித்தை: தூணுக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு இடுப்பு போகிறது.

விசாலாட்சி அயித்தை: பர்மா என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டாங்கட்டு அறை இரும்புப் பெட்டியைப் படைப்புக்குத் துடைக்கத் திறந்தேன். பெரிய ஐயா பெகுவில் வாங்கின வயல் பத்திரமெல்லாம் அப்படியே இருக்கிறது. ஜாங்கிரி பிழிந்த மாதிரி எழுத்து. ஓரமெல்லாம் பூச்சி அரித்துவிட்டது. தூக்கிப் போடவா?

சொக்கலிங்கம்: போடாதீர்கள். கண்ணனுக்குக் காட்ட வேண்டும். 1942-இல் அவ்வளவையும் விட்டுவிட்டு மணிப்பூர் வழியாக நடந்து வந்தவர். திரும்பப் போகலாம் என்று இருந்தார், 1948-இல் நிலத்தை அரசுடைமை ஆக்கச் சட்டம் போட்டுவிட்டார்கள். பத்திரம் மட்டும் பெட்டியில்.

கண்ணப்பன்: அண்ணே, அது யுத்தம். ஜப்பான்காரன் குண்டு போட்டான். இது டூரிஸ்ட் ஊர்.

லெட்சுமணன் சித்தப்பா: பெரிய ஐயாவுக்கு அது சொந்த நிலமாகவாவது இருந்தது கண்ணா. உனக்குக் குத்தகைதான்.

முத்து: சித்தப்பா 🔥

உமையாள்: அந்த 50,000 பாட் திரும்பி வருமா சித்தப்பா?

லெட்சுமணன் சித்தப்பா: முன்பதிவுத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லாப் பக்கத்தையும் எனக்குத் தனியாக அனுப்பு அம்மா. பாகம் 3 இதுதான்: வாங்கினால் வருஷா வருஷம் வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துக்கான அட்டவணை எஃப்ஏ-வில் காட்ட வேண்டும். மறந்தால் 10 லட்சம் அபராதம் போடலாம். அங்கே வருகிற வாடகைக்கு இங்கேயும் வரி உண்டு. அங்கே பிடித்த வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம், அதற்குச் சான்று வாங்கி வைக்க வேண்டும். நான் வாங்காதே என்று சொல்லவில்லை.

முத்து: இவ்வளவும் சொல்லிவிட்டு

கண்ணப்பன்: சரி. 49 சதவீதத்தில் வேறு பிளாட் காலியாக இருக்கிறதா என்று ஏஜென்டிடம் கேட்கிறேன். அது இன்னும் 6 லட்சம் பாட் கூட ஆகும் என்று முன்பே சொன்னார்.

உமையாள்: கேட்க வேண்டாம்.

கண்ணப்பன்: கேட்பதில் என்ன இருக்கிறது

தேனம்மை: நான் அவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன். என் பேரில் மட்டும் வேண்டாம்.

விசாலாட்சி அயித்தை: பினாங்கை விசாரித்தீர்களா?

லெட்சுமணன் சித்தப்பா: அங்கே மாநில அரசு அனுமதி வேண்டும் ஆச்சி, வெளிநாட்டவர்க்குக் குறைந்தபட்ச விலை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அது பெரிய கதை.

முத்து: வேண்டாம் சித்தப்பா

சொக்கலிங்கம்: படைப்பன்று எல்லாரும் இருப்போம், அப்போது பேசிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை கெடு எல்லாம் ஏஜென்ட் வைப்பது. கேளம்பாக்கத்தையும் பேசுவோம்.

தேனம்மை: 👍

விசாலாட்சி அயித்தை: கண்ணா, நீ இன்னும் இலை சொல்லவில்லை.

கண்ணப்பன்: 4 அயித்தை. ஜிபே நம்பர் பழையதுதானே?

உமையாள்: 5. அம்மாவும் வருகிறார்கள்.