பெரிய வீட்டுக் குழு: ஓ2 அரங்க டிக்கெட்

*மாலா சித்தி:* செல்வி, ஜூனில் நாங்கள் லண்டனில் இருக்கும்போது பாப்பாவுக்குப் பிடித்த பாட்டுக்காரியின் நிகழ்ச்சி ஓ2 அரங்கில் இருக்கிறதாம். கூகுளில் தேடினேன். முதலில் வந்த தளத்தில் ஒரு டிக்கெட் 310 பவுண்டு. "இன்னும் 2 மட்டுமே, 14 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று சிவப்பில் ஓடுகிறது. எடுத்துவிடட்டுமா?

*கார்த்தி:* சித்தி, எதையும் அழுத்தாதீர்கள்!! கூகுளில் அந்தத் தளத்தின் பேருக்கு மேலே "ஸ்பான்சர்டு" (விளம்பரம்) என்று சின்னதாகப் போட்டிருக்கிறதா?

*மாலா சித்தி:* ஆமாண்டா, இருக்கு.

*கார்த்தி:* அப்படியென்றால் காசு கொடுத்து முதலிடத்தில் நிற்கிறார்கள். இது மறுவிற்பனைத் தளமாக இருக்கும். டிக்கெட் அவர்களுடையது இல்லை. யாரோ ஒருவர் தன் இஷ்டத்துக்கு விலை வைத்துப் போடுவார், தளம் நடுவில் கமிஷன் எடுக்கும். சில பேர் கையில் டிக்கெட் வருவதற்கு முன்பே விற்கப் போட்டுவிடுவார்கள்.

*பெரியப்பா:* மயிலாப்பூரில் சபா கவுன்டருக்குப் போனோமா, சீட்டை வாங்கினோமா என்று இருந்த காலம் போயே போச்சு.

*கார்த்தி:* கோல்ட்ப்ளே இசைக்குழு டிக்கெட் கூத்து நினைவிருக்கா பெரியப்பா? 2025 ஜனவரி நவி மும்பை நிகழ்ச்சிக்கு முந்தைய செப்டம்பரிலேயே புக்மைஷோவில் விற்பனை. விலை 2,500 முதல் 35,000 ரூபாய் வரை. வரிசையில் ஒரு கோடிக்கு மேல் ஆட்கள். அன்றைக்கே வியாகோகோ மாதிரி மறுவிற்பனைத் தளங்களில் அதே டிக்கெட் லட்சக்கணக்கில். எங்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று புக்மைஷோ அறிக்கை விட வேண்டியதாகிவிட்டது.

*வசந்தி அக்கா (சிங்கப்பூர்):* இங்கேயும் அதே கதைதான். 2024 மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்ட் ஆறு நாள் பாடினார். மோசடி அதிகமாகி, அந்த டிக்கெட்டுகளை விற்கப் போடுவதையே கரோசல் (ஆட்கள் தங்களுக்குள் வாங்கி விற்கிற தளம்) கொஞ்ச நாள் நிறுத்திவைத்தது. ஸ்க்ரீன்ஷாட்டை நம்பிப் பணம் அனுப்பியவர்கள் வாசலில் நின்றதுதான் மிச்சம்.

*மாலா சித்தி:* சரி, அப்போ எந்தத் தளம் நல்ல தளம்? ஒரே ஒரு பேர் சொல்லுங்கள், நான் குறித்துவைத்துக்கொள்கிறேன்.

*செல்வி (லண்டன்):* இப்போதுதான் பார்க்கிறேன், மீட்டிங்கில் இருந்தேன். அம்மா, அப்படி ஒரு பேர் கிடையாது. எந்தத் தளம் விற்க வேண்டும் என்பதை அரங்கமும் நடத்துபவர்களும் முடிவு செய்கிறார்கள். ஓ2-வுக்கு ஏஎக்ஸ்எஸ். இன்னொரு அரங்கம் என்றால் டிக்கெட்மாஸ்டராக இருக்கலாம். சிங்கப்பூரில் சிஸ்டிக்கா டிக்கெட்மாஸ்டரா என்பது நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். அதனால் கூகுளில் டிக்கெட்டைத் தேடாதே. பாடுபவரின் சொந்தத் தளத்துக்கோ அரங்கத்தின் தளத்துக்கோ போ. அங்கே இருக்கிற இணைப்பை அழுத்தினால் எங்கே கொண்டுபோய் விடுகிறதோ, அதுதான் கடை.

*வசந்தி அக்கா (சிங்கப்பூர்):* நம் ஊருக்கும் இதே வழிதான். போன வருஷம் ஒரு செயலியில் இருந்தது இந்த வருஷம் வேறு செயலியில் இருக்கும். பேடிஎம் இன்சைடரைத்தான் 2024-இல் சொமேட்டோ வாங்கிவிட்டதே, இப்போது அதெல்லாம் டிஸ்ட்ரிக்ட் செயலியில்.

*பெரியப்பா:* எல்லாம் சரி. 2023 செப்டம்பரில் பனையூரில் ரஹ்மான் கச்சேரிக்குப் போனவர்கள் முறையாகத்தானே வாங்கினார்கள்? மழையால் ஆகஸ்டில் தள்ளிப்போய், அப்புறம் நடந்த அன்று டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே எத்தனை பேர் உள்ளே போக முடியாமல் ஈசிஆரில் நின்றார்கள்!

*செல்வி (லண்டன்):* நியாயமான கேள்வி பெரியப்பா. விற்கிற தளம் நல்லதாக இருந்தால் டிக்கெட் செல்லும், அவ்வளவுதான். கூட்டத்தைச் சமாளிப்பது நடத்துபவர்கள் கையில். ஆனால் முறையாக வாங்கியவர்களிடம் காட்ட ஓர் ஆதாரமாவது இருந்தது. டிக்கெட் நகலை அனுப்புங்கள் என்று ரஹ்மானே கேட்டாரே. மூன்றாம் ஆளிடம் வாங்கியிருந்தால் அந்த டிக்கெட்டில் இருப்பது யாருடைய பேரோ.

*கார்த்தி:* அதிகாரபூர்வ கடை என்றால் விலை ஏறாது என்றும் நினைக்க வேண்டாம் சித்தி. 2024-இல் ஒயேசிஸ் இசைக்குழுவின் டிக்கெட்டுக்கு மணிக்கணக்கில் வரிசையில் காத்திருந்தவர்களுக்கு, 148 பவுண்டு என்று சொன்ன நின்று பார்க்கும் டிக்கெட் 355 பவுண்டாக வந்து நின்றது. விற்றது டிக்கெட்மாஸ்டர்தான்!

*மாலா சித்தி:* அடப்பாவிகளா. ஓ2-வில் தீர்ந்துபோயிருந்தால்?

*செல்வி (லண்டன்):* ஏஎக்ஸ்எஸ்ஸிலேயே மறுவிற்பனைப் பகுதி இருக்கு. போக முடியாதவர்கள் திருப்பிப் போடுவார்கள், டிக்கெட் நம் கணக்குக்கே மாறிவிடும். ட்விக்கெட்ஸ் என்று இன்னொன்று, வாங்கிய விலைக்கு மேல் அங்கே விற்க முடியாது, கட்டணம் மட்டும் தனி. வாங்கிய விலைக்கு மேல் மறுவிற்பனை செய்யத் தடை வரும் என்று இங்கே அரசாங்கமும் 2025 நவம்பரில் அறிவித்தது. நிகழ்ச்சி நெருங்க நெருங்கச் சீட்டு வெளியே வரும், பதற வேண்டாம்.

*மாலா சித்தி:* என் கார்டிலேயே போடட்டுமா?

*செல்வி (லண்டன்):* வேண்டாம். உன் கார்டில் முதலில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட வேண்டும், மேலே வங்கியின் நாணய மாற்றுக் கட்டணம் வேறு. என் கிரெடிட் கார்டில் போடுகிறேன். இங்கே 1974-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றில் 75-ஆம் பிரிவு இருக்கு. 100 பவுண்டுக்கு மேல் வாங்கிய பொருள் வந்து சேராவிட்டால் கார்டு நிறுவனமும் பொறுப்பு. ஆனால் ஒரு டிக்கெட்டே 100-ஐத் தாண்ட வேண்டும், எல்லா டிக்கெட்டையும் கூட்டிக் கணக்குக் காட்ட முடியாது. நடுவில் மறுவிற்பனைத் தளம் புகுந்தால் அந்தப் பாதுகாப்பும் சந்தேகம்தான்.

*பெரியப்பா:* வக்கீல் வீட்டுப் பிள்ளை மாதிரி பேசுகிறாளே!

*செல்வி (லண்டன்):* 😄 அம்மா, ஓ2 தளத்தில் பார்த்துவிட்டேன். அதே நாள், மேல் அடுக்கு, எல்லாக் கட்டணமும் சேர்த்து 84 பவுண்டு. பாப்பா நிற்கும் பகுதிக்குப் போக முடியாது, வயது வரம்பு இருக்கு. அதனால் உட்கார்ந்து பார்க்கிற சீட்டு. நாலு போடவா?

*மாலா சித்தி:* மூணே போதும். உங்கப்பா வரமாட்டாராம், அந்தச் சத்தத்துக்குக் காது போய்விடுமாம்.

*பெரியப்பா:* அவன் சொல்வதுதான் சரி.