நீருக்கடியில் கேமரா: தண்டுப் பொத்தானா, மின்னணுப் பொத்தானா?

கடற்குதிரை:
கேமராவை நீர் புகாமல் காக்கும் பெட்டியான ஹவுசிங்கை முதன்முறையாக வாங்கவிருக்கும் தம்பி எந்த வகை நல்லது என்று கேட்டதற்கு, இயந்திரப் பொத்தான்கள் உள்ளதையே வாங்கும்படி நேற்று எழுதினேன். ஹவுசிங்கின் சுவரை ஊடுருவிச் செல்லும் உலோகத் தண்டு கேமராவின் பொத்தானை நேரடியாக அழுத்துகிறது. இடையில் மின்கலமோ மின்சுற்றோ இல்லை. சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவருகே கலங்கிய கடலில் விரல்நகம் அளவுள்ள ஓடில்லாக் கடல்நத்தையைக் குவியத்தில் பிடிக்கும்போது, ஷட்டரின் பாதி அழுத்தம் எங்கே நிற்கிறது என்பதை விரல் உணர வேண்டும்.

தெக்கா வாசி:
அண்ணன் சொல்லும் அந்தத் தண்டுதான் என் கவலை. ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு துளை, அதற்கு நீரைத் தடுக்கும் ரப்பர் வளையமாக ஓர் ஓ-ரிங். கழுவாமல் காய்ந்த உப்பு அதை அரித்தால் நீர் கசியும். மேலும், 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் வீதம் அழுத்தம் கூடுவதால், 30 மீட்டர் ஆழத்தில் 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டை நீர் ஏறத்தாழ 600 கிராம் எடைக்குச் சமமான விசையுடன் உள்ளே தள்ளுகிறது. மலேசியாவின் தியோமான் தீவருகே 25 மீட்டர் ஆழத்தில் என் மெனு பொத்தான் அப்படியே அழுந்தி நின்றுவிட்டது. ஓர் ஆமை அருகே வந்து போன நேரம் முழுவதும் திரையில் மெனுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே காந்தமும் உள்ளே உணரியும் வைத்த மின்னணுப் பொத்தானுக்குத் துளையே தேவையில்லை.

கடற்குதிரை:
அது, தண்டை மீண்டும் வெளியே தள்ளும் சுருள்வில் தளர்ந்ததன் குறை. அதை வீட்டு மேசையிலேயே மாற்றிவிடலாம். பழுதான மின்சுற்றைப் படகில் வைத்து யார் சரிசெய்வார்? அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. கேமரா தயாரித்தவர் வெளியிணைப்புக்குத் திறந்துவிட்ட கட்டளைகளை மட்டுமே மின்னணு ஹவுசிங் அனுப்ப முடியும். கேமராவை வெளியிலிருந்து இயக்க உதவும் சோனியின் லான்க் இணைப்புள்ள வீடியோ கேமராக்களில் பதிவும் ஜூமும் ஒரே கம்பியில் கிடைத்தன. அந்த இணைப்பு இல்லாத கேமராவை உள்ளே வைத்தால், அதை நம்பிச் செய்த பொத்தான்கள் வெறும் அலங்காரமே.

உட்லண்ட்ஸ் வாசி:
கசிவைப் பற்றி மட்டும் ஒரு சொல். படகேறும் முன் கைப்பம்பால் ஹவுசிங்கின் காற்றை உறிஞ்சி, அரை மணி நேரம் அழுத்த அளவியைக் கவனியுங்கள்; அளவு மாறினால் கசிவு உண்டு. நான் கண்ட கசிவுகள் பின்கதவின் பெரிய ஓ-ரிங்கில் சிக்கிய தலைமுடியால் வந்தவை. அது இரண்டு வகைக்கும் பொது.

தெக்கா வாசி:
துளை பற்றிய என் அச்சம் அந்தச் சோதனையால் குறைகிறது, ஏற்கிறேன். ஆனால் காணொளி எடுக்கும்போது வலுவான சுருள்வில்லை எதிர்த்து அழுத்தும் விசையே காட்சியை உலுக்கிவிடுகிறது. மெல்லத் தொட்டால் இயங்கும் பொத்தானில் அது இல்லை. தம்பி எடுக்கப்போவது நிழற்படமா காணொளியா என்பதை முதலில் சொல்லட்டும்.